தாழ்த்திய காருக்கு எந்த ‘அப்சோபர்’?

சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் பத்து காஜாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். படிவம் ஐந்து முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஈப்போவில் வேலை. தினமும் லாஹாட், மெங்லெம்பு வழியாகப் போய் வருகிறார். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய பழைய மைவி கார். முந்தைய உரிமையாளர் அதை நன்றாகத் தாழ்த்தி, பெரிய ஸ்போர்ட் ரிம் போட்டு வைத்திருந்தார். நம் மாணவரும் அந்த அழகுக்காகத்தான் வாங்கினார்.

எங்கள் தாமான் நுழைவாயிலில் ஒரு வேகத்தடை மேடு இருக்கிறது. கார் அதில் ஏறி இறங்கியது. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை என மேலும் கீழும் குதித்துக்கொண்டே என் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

“சார், அப்சோபர் போயிடுச்சு. மாத்தணும். நல்ல பிராண்டா ஒன்னு சொல்லுங்க,” என்றார். காப்பி குடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார். “அம்மாவை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டுப் போறேன். ஒவ்வொரு குழியிலயும் இடுப்பைப் பிடிச்சுக்கிறாங்க. கேட்டா, ஒன்னும் இல்லப்பாங்கிறாங்க.”

நான் பிராண்ட் பெயர் எதுவும் சொல்லவில்லை. “தம்பி, முதல்ல உன் ஸ்பிரிங் என்னன்னு சொல்லு,” என்றேன். அவர் விழித்தார். அப்சோபரைப் பற்றிக் கேட்டால் இவர் ஏன் ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார். மாணவர்களே, அந்தக் கேள்விக்கான விடைதான் இந்தக் கட்டுரை. படிவம் நான்கில் வரும் தணிப்பும் ஒத்ததிர்வும், படிவம் ஐந்தில் வரும் மீள்தன்மையும் ஒரு காரின் அடியில் எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்பதையும் இதில் பார்த்துவிடலாம்.

பெயரில் இருக்கும் குழப்பம்

‘ஷாக் அப்சோர்பர்’ என்றால் அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்வது என்று பொருள். நாம் பேச்சில் ‘அப்சோபர்’ என்கிறோம். இந்தப் பெயரே நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோய்விடும். குழியிலோ மேட்டிலோ சக்கரம் இடிக்கும்போது அந்த இடியை முதலில் வாங்கிக்கொள்வது டயரும் சுருள்வில்லும்தான். காரின் எடையைத் தாங்கி நிற்பதும் சுருள்வில்தான்.

ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. வாங்கிய ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது, திருப்பிக் கொடுத்துவிடும். அமுங்கிய வில் நிமிரும், நிமிர்ந்து தன் நிலையைத் தாண்டும், மீண்டும் அமுங்கும். இந்த ஆட்டத்தை அடக்குவதே அப்சோபரின் வேலை. அதனால் பொறியாளர்கள் அதைத் தணிப்பான் என்று அழைக்கிறார்கள்.

அதன் உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். எண்ணெய் நிரம்பிய ஒரு குழாய். அதற்குள் சிறு துளைகளும் மெல்லிய தகடு வால்வுகளும் கொண்ட ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் எண்ணெயைக் கிழித்துக்கொண்டு நகர வேண்டும். எண்ணெய் அந்தக் குறுகிய வழியில் நெருக்கிக்கொண்டு பாயும்போது இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. மேடு பள்ளமான சாலையில் வெகுநேரம் ஓடிய காரின் அப்சோபர் சுடுவது இதனால்தான். வில் ஆற்றலைச் சேமிக்கிறது. தணிப்பான் அதை வெப்பமாக்கி வெளியேற்றுகிறது.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். வில்லின் விசை அது எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதைப் பொறுத்தது. ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இது: விசை = வில் மாறிலி × நீள மாற்றம். தணிப்பானின் விசையோ எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதைப் பொறுத்தது. அசையாமல் நிற்கும் காரில் தணிப்பான் ஏறக்குறைய எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. ஆகவே “அப்சோபர் போனதால் கார் இறங்கிவிட்டது” என்று யாராவது சொன்னால், முதலில் வில்லைப் பாருங்கள்.

ஆட்டம் எவ்வளவு விரைவில் அடங்க வேண்டும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காரின் ஒரு மூலை 250 கிலோகிராம் உடல் எடையைச் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூலையில் இருக்கும் வில்லின் மாறிலி ஒரு மீட்டருக்கு 20,000 நியூட்டன். இவை கணக்குக்காக எடுத்த எண்கள். ஒவ்வொரு காருக்கும் இவை மாறும். ஆனாலும் சிறிய கார்களின் அளவுக்கு இவை பக்கத்தில்தான் இருக்கின்றன.

தணிப்பானே இல்லாவிட்டால் இந்த மூலை நொடிக்குச் சுமார் 1.4 முறை ஆடும். அதாவது 1.4 ஹெர்ட்ஸ். இனி தணிப்பைச் சேர்ப்போம். தணிப்பு கூடக் கூட ஆட்டம் விரைவாக அடங்கும். ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும், கார் மறுபக்கம் ஒருமுறைகூடத் தாண்டாமல் நேராகத் தன் நிலைக்குத் திரும்பிவிடும். இதை மாறுநிலைத் தணிப்பு என்கிறோம். அன்றாடம் ஓட்டும் கார்களில் அவ்வளவு தணிப்பு வைப்பதில்லை. பொதுவாக அதில் 20 முதல் 40 விழுக்காடு வரைதான் இருக்கும். நாம் 30 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோம்.

இந்தக் காரை 5 சென்டிமீட்டர் அமுக்கிவிட்டால், ஒரு முழு ஆட்டத்துக்குப் பிறகு மீதமிருக்கும் வீச்சு ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர். இரண்டாவது ஆட்டத்தின் முடிவில் கண்ணுக்கே தெரியாது. நல்ல நிலையில் இருக்கும் கார் மேட்டைத் தாண்டியதும் ‘கப்’பென்று அடங்குவதன் கணக்கு இதுதான்.

இப்போது காரைத் தாழ்த்த, 50 விழுக்காடு கூடுதல் விறைப்பான வில்லைப் போடுகிறோம். மாறிலி 30,000 ஆகிறது. அப்சோபரை மாற்றவில்லை. மாறுநிலைத் தணிப்பு என்பது வில் மாறிலியின் இருபடி மூலத்தோடு சேர்ந்து கூடும். அதனால் அதே 30 விழுக்காட்டு நிலையைக் காக்க அப்சோபர் ஏறக்குறைய 22 விழுக்காடு கூடுதலாகத் தணிக்க வேண்டும். பழைய அப்சோபரால் அது முடியாது. அதன் நிலை 24 அல்லது 25 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. ஒரு ஆட்டத்துக்குப் பிறகு மீதமிருக்கும் வீச்சு 1 சென்டிமீட்டர். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம் மாணவரின் அப்சோபர் பழையது. பின்பக்கத்தில் எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருந்தது. அதன் தணிக்கும் திறன் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், நிலை 12 விழுக்காடுதான். 5 சென்டிமீட்டர் ஆட்டம் ஒரு சுற்றுக்குப் பிறகு 2.3 ஆகவும், இரண்டு சுற்றுக்குப் பிறகு 1 சென்டிமீட்டராகவும், மூன்றாவது சுற்றுக்குப் பிறகு அரை சென்டிமீட்டராகவும் இருக்கும். என் வாசலில் நான் எண்ணிய அந்த மூன்று குதிப்பு நினைவிருக்கிறதா?

ஆட்டம் அடங்காமல் இருப்பது சொகுசுப் பிரச்சினை மட்டும் அல்ல. கார் மேலே எழும் ஒவ்வொரு முறையும் டயர் சாலையை அழுத்தும் விசை குறைகிறது. உராய்வு அந்த அழுத்தத்தைப் பொறுத்தது. மழை நாளில், வளைவில், அந்த நொடியில் பிரேக் போட்டால் சறுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

தாழ்த்தும்போது தொலைந்துபோகும் தூரம்

காரைத் தாழ்த்துவதில் கிடைப்பது பார்வைக்கு அழகும், சற்றே தாழ்ந்த ஈர்ப்பு மையமும். வளைவில் கார் சாய்வது கொஞ்சம் குறையும். இது உண்மைதான். ஆனால் அதற்கு விலையாகக் கொடுப்பது சக்கரம் மேலே ஏறுவதற்கான இடத்தை.

நம் கணக்குக் காரில், சக்கரம் மேலேறித் தடுப்பில் முட்டும்வரை 8 சென்டிமீட்டர் இடம் இருக்கிறது என்போம். எடையைச் சுமப்பதற்கான பங்கைக் கழித்துவிட்டால், அந்த 8 சென்டிமீட்டரில் வில் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் ஆற்றல் ½ × 20,000 × 0.08 × 0.08 = 64 ஜூல்.

காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மீதி இடம் 4 சென்டிமீட்டர். இடம் பாதியானால் ஆற்றலும் பாதிதானே குறையும் என்று தோன்றும். சூத்திரத்தில் தூரம் இருபடியாக வருவதைக் கவனியுங்கள். பழைய வில்லாக இருந்தால் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு, அதாவது 16 ஜூல் ஆகிவிடும். விறைப்பான புதிய வில் என்றாலும் ½ × 30,000 × 0.04 × 0.04 = 24 ஜூல்தான். முன்பு இருந்ததில் பாதியைக்கூடத் தொடவில்லை.

மீதி ஆற்றல் எங்கே போகும்? அப்சோபர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்கும் மிஞ்சினால் சக்கரம் தடுப்பில் மோதும். அந்த இடி நேரே காரின் உடலுக்கும், பின் இருக்கையில் இருப்பவரின் முதுகெலும்புக்கும் போகும். அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான்.

இந்தத் தடுப்பைப் பட்டறைகளில் ‘பம்ப் ஸ்டாப்’ என்பார்கள். ரப்பராலோ பாலியூரித்தேன் நுரையாலோ செய்த சிறு உருளை. மலாயா ரப்பரின் கதையில் நம் பேராக்குக்கு முக்கிய இடம் உண்டு. 1877இலேயே கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய மரத்தின் பொருள் இன்று காரின் ஒவ்வொரு மூட்டிலும் இருக்கிறது. ரப்பர் வில்லாகவும் வேலை செய்யும். தக்க கலவையோடு சேர்த்தால் தணிப்பானாகவும் வேலை செய்யும். 2014இல் திறக்கப்பட்ட பினாங்கு இரண்டாம் பாலத்தில், நிலநடுக்கம் வந்தால் தாங்குவதற்காக உயர் தணிப்பு இயற்கை ரப்பர் தாங்கிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அவ்வளவு திறமையான பொருள்தான். ஆனால் காரில் அது கடைசிக் காவல்காரன். தாழ்த்திய காரில் அதற்கு ஒவ்வொரு குழியிலும் வேலை கொடுத்தால் சீக்கிரமே நைந்துவிடும். அதன்பின் இரும்பும் இரும்பும் மோதும்; அப்சோபரின் உள் வால்வுகளும் சிதையும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது இதைவிட மோசம். வில்லின் சுற்றுகள் குறையக் குறைய அதன் மாறிலி கூடும். வேலை செய்யும் சுற்றுகள் 6 இருந்து, ஒன்றரைச் சுற்றை வெட்டினால், மாறிலி மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டிய முனையும் தன் இருக்கையில் சரியாக உட்காராது. நெருப்பில் சூடாக்கி அமுக்கினால் எஃகின் பதமே கெட்டுவிடும்.

நீளக் கணக்கு

பலரும் மறந்துவிடுவது அப்சோபரின் நீளத்தை. இதற்கும் ஒரு சின்னக் கணக்குப் போதும்.

250 கிலோகிராம் எடை பழைய வில்லைச் சுமார் 12 சென்டிமீட்டர் அமுக்கும். பாரமில்லாதபோது அந்த வில்லின் நீளம் 36 சென்டிமீட்டர் என்றால், காரில் அது 24 சென்டிமீட்டராக நிற்கும். புதிய விறைப்பான வில்லை அதே எடை 8 சென்டிமீட்டர்தான் அமுக்கும். கார் 4 சென்டிமீட்டர் தாழ வேண்டுமானால் வில் 20 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். அப்படியானால் பாரமில்லாத நிலையில் அதன் நீளம் 20 + 8 = 28 சென்டிமீட்டர்தான். பழைய வில்லைவிட 8 சென்டிமீட்டர் குட்டை!

இப்போது காரை ஜாக் போட்டுத் தூக்குங்கள். அல்லது சக்கரம் ஒரு பெரிய பள்ளத்தில் தொங்குவதாக நினையுங்கள். சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை முழுவதும் நீண்ட அப்சோபர்தான் முடிவு செய்கிறது. பழைய நீள அப்சோபர் வில்லுக்கு 31 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறது என்போம். பழைய வில் 36 என்பதால் அது அங்கேயும் இறுக்கமாகவே நிற்கும். புதிய வில் 28தான். 3 சென்டிமீட்டர் இடைவெளியில் அது கடகடவென்று ஆடும். சக்கரம் திரும்ப ஏறும்போது வில் தன் இருக்கையில் கோணலாக உட்காரலாம்.

இதனால்தான் நன்றாகத் தாழ்த்திய காருக்கு நீளம் குறைந்த அப்சோபர் தேவைப்படுகிறது. அதன் தண்டும் உடலும் குட்டையாக இருக்கும். ஆகவே கீழே தொங்கும்போது வில்லை விடாது. மேலே அமுங்கும்போதும் பிஸ்டன் அடியில் போய் இடிக்காது. வெளியே அழகான நிறம் பூசிய ‘ஸ்போர்ட்’ அப்சோபர் எல்லாமே குட்டையானது அல்ல. சில பழைய நீளத்திலேயே, தணிப்பு மட்டும் கூட்டப்பட்டு வரும். பெட்டியில் பெயரைப் பார்க்காமல், எத்தனை சென்டிமீட்டர் தாழ்த்திய காருக்கு இது என்று கேட்க வேண்டும்.

கெட்டியாக இருந்தால் நல்லதுதானே?

“ஆட்டம் நிற்கணும், அவ்வளவுதானே? இருக்கிறதிலேயே கெட்டியானதைப் போட்டா என்ன?” என்று கேட்டார் மாணவர். நல்ல கேள்வி.

அப்சோபரின் விசை வேகத்தோடு கூடும் என்று பார்த்தோம். கூர்மையான குழியில் சக்கரம் மிக வேகமாக மேலே தள்ளப்படுகிறது. கெட்டியான அப்சோபர் அந்த வேகத்தில் ஏறக்குறைய ஒரு இரும்புக் கம்பியைப் போல் நடந்துகொள்ளும். வில்லுக்கு அமுங்க நேரம் கிடைக்காமல் இடி நேராக உடலுக்குப் போகும். இதற்காகவே பெரும்பாலான அப்சோபர்களில், அமுங்கும்போது இளக்கமாகவும் நீளும்போது இறுக்கமாகவும் வால்வுகளை அமைக்கிறார்கள். அமுங்கும்போது இடி உள்ளே வருகிறது. அதை வில் வாங்கட்டும். நீளும்போது வில் ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கிறது. அதைத் தணிப்பான் பிடிக்கட்டும்.

நீளும் பக்கமும் அளவுக்கு மீறி இறுக்கமானால் வேறொரு கோளாறு வரும். அடுத்தடுத்து மேடுகள் வந்தால், ஒன்றில் அமுங்கிய சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டுக்கும் கார் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போய், தடுப்பில் உட்கார்ந்துவிடும்.

செம்பனைத் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் பாதைகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் ஓடி ஓடித் துவைக்கும் பலகையைப் போல வரி வரியாக இருக்கும். இரண்டு வரிகளுக்கு நடுவே 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். 10 ÷ 0.8 = 12.5. அதாவது சக்கரம் நொடிக்கு 12.5 முறை தட்டப்படுகிறது. காரின் உடல் 1 முதல் 2 ஹெர்ட்ஸில் ஆடும். ஆனால் டயருக்கும் சுருள்வில்லுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட சக்கரத்தின் இயல்பான அதிர்வெண் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றாகும்போது ஒத்ததிர்வு. நைந்த அப்சோபர் என்றால் சக்கரம் தரையைத் தொடாமல் படபடக்கும். ஸ்டியரிங் திருப்பினாலும் கார் தன் போக்கில் போகும். ஆக, தணிப்பு குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் தொல்லை. வில்லுக்கும் சாலைக்கும் பொருந்தும் அளவுதான் சரியான அளவு.

கடையில் என்னென்ன கிடைக்கும்?

பெரும்பாலான கார்களில் வருவது இரட்டைக் குழாய் வகை. உள் குழாயில் பிஸ்டன் வேலை செய்யும். வெளிக் குழாய் எண்ணெய்க் கிடங்கு. விலை குறைவு, மென்மையான ஓட்டம். வெளியே சிறு நசுங்கல் ஏற்பட்டாலும் பிஸ்டன் தப்பிக்கும். வெப்பம் வெளியேறுவது மட்டும் சற்று மெதுவாக நடக்கும்.

மற்றது ஒற்றைக் குழாய் வகை. பிரெஞ்சுப் பொறியாளர் டி கார்பன் 1950களில் இதைப் புகழ்பெறச் செய்தார். இதில் ஒரு மிதக்கும் பிஸ்டன் எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து நிற்கும். அழுத்தம் இருப்பதால் எண்ணெயில் குமிழிகள் எளிதில் உருவாகாது. குமிழி வந்தால் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளாமல் வெறும் வாயுவைத் தள்ளும். தணிப்பு திடீரென்று விழுந்துவிடும். குழாய்ச் சுவர் நேரே காற்றைத் தொடுவதால் சூடும் விரைவில் ஆறும். விலை கூடுதல், இடி சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

நம் ஊர் இளைஞர்கள் ‘ஹைலோ’ என்று சொல்வது, உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லும் அப்சோபரும் சேர்ந்த தொகுப்பு. உடலின் நீளத்தைத் தனியாக மாற்றும் வகையில், காரைத் தாழ்த்தினாலும் அப்சோபரின் அசையும் தூரம் அப்படியே இருக்கும். ஆனால் டயருக்கும் காரின் உடலுக்கும் இடையே இருக்கும் இடத்தை எந்தத் திருகாலும் கூட்ட முடியாது. மாற்ற முடிகிறது என்பதற்காக அடிவரை இறக்கிவிட்டால் மேலே போட்ட கணக்கு மறுபடியும் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு ‘ரீகோன்’ அப்சோபர்களும், ஹாஃப் கட் கடைகளில் கிடைக்கும் பழைய அப்சோபர்களும் இருக்கின்றன. விலை ஈர்க்கும். ஆனால் எண்ணெயை மாற்றி, புதுச் சாயம் பூசிய அப்சோபரின் உள்ளே வால்வும் தண்டும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு தணிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஓர் அச்சில் இரண்டு பக்கமும் ஒரே வகை, ஒரே நேரத்தில் மாற்றப்பட வேண்டும் என்பது அடிப்படை விதி.

பட்டறையில் ஒரு மாலை

மறுநாள் அவருக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்குப் போனோம். மைவியின் முன்பக்கத்தில் வில்லும் அப்சோபரும் ஒரே தூணாக இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் மெக்ஃபர்சன் பெயரால் அழைக்கப்படும் அமைப்பு இது. பின்பக்கத்தில் வில் தனி, அப்சோபர் தனி. காரைத் தூக்கியதும், பட்டறை அண்ணன் பின் வில்லைக் கையால் பிடித்துத் திருப்பினார். அது சுழன்றது! ரப்பர் தடுப்பில் பாதி உதிர்ந்துபோயிருந்தது. இனி பிராண்டைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை. அந்த வில்லுக்குப் பழைய நீள அப்சோபர், எந்த விலையில் வாங்கினாலும், பொருந்தாது.

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. இதே வில்லை வைத்துக்கொண்டு அதற்கேற்ற குட்டை அப்சோபர் வாங்குவது. கார் நிறுவனத்தின் பழைய உயரத்துக்கே திரும்புவது. அல்லது நடுவில் நிற்பது. நடுவழி என்றால், 2.5 சென்டிமீட்டர் மட்டும் தாழ்த்தும், 20 விழுக்காடு கூடுதல் விறைப்பான வில். நம் கணக்குக் காரில் அதைப் போட்டுப் பாருங்கள். மாறிலி 24,000, எடை அதைச் சுமார் 10 சென்டிமீட்டர் அமுக்கும். பாரமில்லாத நீளம் 21.5 + 10 = 31.5. அப்சோபர் விடும் 31 சென்டிமீட்டர் இடைவெளியில் அது தளராமல் நிற்கும். மீதி இடம் 5.5 சென்டிமீட்டர், வாங்கும் ஆற்றல் ஏறக்குறைய 36 ஜூல். 64 அல்ல, ஆனால் 24ஐவிட எவ்வளவோ மேல். கூடுதலாகத் தேவைப்படும் தணிப்பும் 10 விழுக்காட்டுக்குள்தான். பழைய நீளத்தில், சற்றே இறுக்கமான புதிய அப்சோபர் போதும்.

அவர் சற்று நேரம் யோசித்தார். “அம்மா ஏறி இறங்கறதுக்கும் சுலபமா இருக்கும்,” என்று சொல்லி நடுவழியைத் தேர்ந்தெடுத்தார். தடுப்பு, தூசிக் கவசம், மேல் மவுண்டிங் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றினார்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில்தான் கடைசியாக இறுக்க வேண்டும் என்பதையும் பட்டறை அண்ணன் காட்டினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடும். முடிவில் சக்கரங்களின் அலைன்மென்ட்டும், முகப்பு விளக்கின் உயரமும் சரிபார்க்கப்பட்டன.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, முன் தூணை வீட்டில் கழற்றிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். 12 சென்டிமீட்டர் அமுங்கிய அந்த வில்லில் 144 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 10 கிலோ அரிசி மூட்டை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தக்க கருவி இல்லாமல் நட்டைக் கழற்றினால் அது முகத்தில் பாயும். இரண்டு, காரின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகள் இருக்கின்றன. எதையும் வாங்குவதற்கு முன் ஜே.பி.ஜே. அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு சுருள்வில்லும் 200 கிராம் எடையும் போதும். எடைக்குக் கீழே ஒரு கம்பியில் பிளாஸ்டிக் போத்தல் மூடியைக் கிடையாகக் கட்டுங்கள். அதைக் காற்றில் ஆடவிட்டு, ஆட்டம் அடங்கும்வரை எத்தனை முறை என்று எண்ணுங்கள். பிறகு மூடி மூழ்கும்படி தண்ணீரில், அடுத்து சமையல் எண்ணெயில் ஆடவிட்டு எண்ணுங்கள். இப்போது மூடியில் இரண்டு துளை, பிறகு ஆறு துளை போட்டு மறுபடியும் எண்ணுங்கள். நீங்கள் செய்தது ஓர் அப்சோபர்தான். கடைசியில் எடையை மாற்றாமல், இன்னும் விறைப்பான வில்லை மாட்டிப் பாருங்கள். அதே எண்ணெயில் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடுவதைக் காண்பீர்கள். நம் மாணவரின் காரில் நடந்ததும் அதுவே.

கைப்பேசி வைத்திருப்பவர்கள் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் இலவசமாக வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ செயலியில் முடுக்கமானியைத் திறந்து, கைப்பேசியைக் காரின் தரைவிரிப்பில் அசையாமல் வைத்து, அப்பாவையோ அண்ணனையோ மெதுவாக ஒரு வேகத்தடையைத் தாண்டச் சொல்லுங்கள். திரையில் வரும் வரைபடத்தில் எத்தனை அலைகளுக்குப் பிறகு கோடு நேராகிறது என்று பாருங்கள். ஒன்று இரண்டில் அடங்கினால் நல்லது. மூன்று நான்கைத் தாண்டினால், அப்சோபரில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த மைவி மறுபடியும் எங்கள் தாமானுக்குள் வந்தது. மேட்டில் ஏறியது, இறங்கியது, அடங்கியது. அம்மா பின் இருக்கையில் இருந்தார். முறுக்குப் பொட்டலம் ஒன்றைக் கையில் பிடித்திருந்தார். இடுப்பைப் பிடித்திருக்கவில்லை.